சந்தோஷத்தைத் தெரிந்துகொள்ளுதல்



உங்களிடமிருந்து வரும் கடிதங்களை நாங்கள் காலை ஜெபக் கூடுகையில் வாசிக்கிறோம். காணிக்கையோடு இரண்டே வரி எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. நான்கு பக்கம் எழுதுகிறவர்களும் உண்டு. நீண்ட கடிதங்களில் பெரும்பாலும் ஒரு பாரம் இருக்கும். மகனுக்கு வேலை இல்லை. கணவர் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருஷமாகிறது. கலியாணமாகிப் போன மகள் திரும்பி வந்துவிட்டாள். இப்படி எழுதுகிறவர்களில் பலர் கடைசிப் பக்கத்தில் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். விசுவாசி எந்த நிலையிலும் மகிழ்ந்திருக்க வேண்டும் என்று வேதம் போதிக்கிறதே, எங்களால் முடியவில்லையே, எங்கள் விசுவாசத்தில் குறை இருக்கிறதோ?

இதற்கு ஒரு தபால் கார்டில் பதில் எழுத முடியாது. ஆகவே இந்த இதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் எங்களுக்கு இது வெறும் வேதபாடக் கேள்வியாக இருப்பதில்லை. பார்வை நேரத்தில் வார்டுக்குள் நடக்கும் ஒரு காரியத்தைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். ஆப்பரேஷன் முடிந்து மூன்றாம் நாள் படுத்திருக்கும் ஒரு தாயாரைப் பார்க்கச் சபையிலிருந்து நாலைந்து பேர் வருகிறார்கள். நல்லவர்கள்தான், வேலையை விட்டு, பஸ் பிடித்து, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். அந்த அம்மாளின் கண்ணில் நீர் கோத்ததும், "அழக்கூடாது அக்கா, ஆண்டவருடைய பிள்ளைகள் அழலாமா? துதியுங்கள்" என்கிறார்கள். அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு துதிக்கிறார்கள். அவர்கள் போன பிறகு நர்ஸ் வந்து வலி எப்படியிருக்கிறது என்று கேட்டால், "நல்லாயிருக்கேன் சிஸ்டர், ஸ்தோத்திரம்" என்றே பதில் வருகிறது. இரவு காய்ச்சல் ஏறிய பிறகு கட்டைப் பிரித்துப் பார்த்தால் தையல் போட்ட இடம் சிவந்து வீங்கியிருக்கிறது. வலி இருக்கிறது என்று சொன்னால் விசுவாசக் குறைவு என்று எண்ணிவிடுவார்களோ என்ற பயத்தில், மாலை முழுவதும் அதை மறைத்திருக்கிறார்கள். இதை நாங்கள் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறோம்.

ஆகவே கிறிஸ்தவ சந்தோஷம் என்பது என்ன என்று தவறாக விளங்கிக்கொண்டால், அதனால் சரீரத்துக்கே கேடு வரும். ஆத்துமாவுக்கு வரும் கேட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

சிறைச்சாலையிலிருந்து வந்த நன்றிக் கடிதம்

சந்தோஷத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் பிலிப்பியர் நிருபத்தையே திறக்கிறோம். நான்கே அதிகாரங்கள். கிரேக்க மூலத்தில் மகிழ்ச்சியைக் குறிக்கும் சொற்கள் அதில் 16 இடங்களில் வருகின்றன. ஆனால் இந்த நிருபம் எப்படி எழுதப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஓர் ஊழியக்காரர் தம்மைத் தாங்கிய சபைக்கு, காணிக்கை வந்து சேர்ந்தது என்று எழுதிய நன்றிக் கடிதம் இது. அந்த வகையில் பார்த்தால், நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தச் செய்தி மடலுக்கு அதுவே மூத்த அண்ணன்!

அக்காலத்துச் சிறையில் கைதியின் சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் அரசாங்கத்தை நம்பியிருக்க முடியாது. வெளியிலிருந்து உறவினரோ நண்பரோதான் கொண்டுவந்து தர வேண்டும். இந்த நிருபம் ரோமாபுரியில் எழுதப்பட்டது என்பதே வெகுகாலமாக இருந்துவரும் கருத்து. அப்படியானால் பிலிப்பி சபையார் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்துக்கு எப்பாப்பிரோதீத்து என்ற சகோதரனிடம் காணிக்கையைக் கொடுத்தனுப்பினார்கள். அவர் நோயில் விழுந்து சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தார். பவுலின் வழக்கோ இன்னும் தீரவில்லை. விடுதலையும் வரலாம், மரணமும் வரலாம் என்பதை முதலாம் அதிகாரத்தில் அவரே எழுதுகிறார்.

இப்படிப்பட்ட நிலையில் அவர் தம் துக்கத்தை மறைத்தாரா? இரண்டாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வாசித்துப் பாருங்கள். எப்பாப்பிரோதீத்து இறந்திருந்தால் ஏற்கெனவே இருக்கும் துயரத்தோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கும், தேவன் இரங்கினார் என்கிறார். அப்படியானால் ஏற்கெனவே ஒரு துயரம் அவருக்கு இருந்தது. மூன்றாம் அதிகாரத்தில் தாம் அழுதுகொண்டே எழுதுவதாகச் சொல்லுகிறார். நான்காம் அதிகாரத்தில் சபையில் இரண்டு சகோதரிகளுக்குள் இருந்த மனஸ்தாபத்தைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டு ஒருமனப்படும்படி கெஞ்சுகிறார். நாம் மனப்பாடம் செய்திருக்கும் அந்தப் பிரபலமான வசனம் அதற்கு இரண்டே வசனம் தள்ளி வருகிறது. பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் பொறுப்பு வகித்தவர்களுக்கு அந்த வரிசை நன்றாகப் புரியும்!

இன்னொன்றும் உண்டு. பவுல் சிறையில் கிடக்கும் சமயம் பார்த்து, அவருக்கு மனவருத்தம் உண்டாக்கும் நோக்கத்தோடு போட்டிக்குப் பிரசங்கம் செய்தவர்கள் இருந்தார்கள். அந்த இடத்தில், எப்படியானாலும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார் அல்லவா என்று சொல்லி, தாம் இப்போது மகிழ்வதாக எழுதுகிறார். அத்தோடு நிறுத்தாமல், இனியும் அப்படியே செய்யப் போவதாக எதிர்காலத்திலும் எழுதுகிறார். எதிர்காலத்தில் நமக்கு என்ன உணர்ச்சி வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே அந்த இரண்டாம் வார்த்தை ஒரு தீர்மானம். நாளைக் காலையில் என்ன செய்தி வந்தாலும் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று இன்றைக்கே முடிவு செய்துவிட்ட மனிதன் பேசுகிற பேச்சு.

நமது பழைய வேதாகமத் தமிழில் ஒரு நல்ல சொல் இருக்கிறது: தெரிந்துகொள்ளுதல். கர்த்தர் ஆபிரகாமைத் தெரிந்துகொண்டார் என்றால் தேர்ந்தெடுத்தார் என்று பொருள். வீட்டிலோ கடைவீதியிலோ அதே சொல்லைக் கற்றுக்கொள்வது, அறிந்துகொள்வது என்ற பொருளில் பேசுகிறோம். சந்தோஷத்தின் காரியத்தில் இரண்டு பொருளும் பொருந்துகின்றன. எந்த நிலையிலும் மனரம்மியமாக இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகவே நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் சொல்லுகிறார். அது பிறவிக் குணம் என்றோ மனமாறிய அன்றைக்கே வந்துவிட்டது என்றோ அவர் சொல்லவில்லை. கற்றுக்கொள்ள வருஷங்கள் ஆகும். பாடம் தவறும் நாட்களும் இருக்கும்.

மரத்துப்போன கை

அப்படியானால் வலியை உணராதபடி மனதைக் கெட்டியாக்கிக்கொள்வதுதான் அந்தக் கல்வியா என்று கேட்கலாம். இதற்கு நம் தமிழ்நாட்டு மிஷன் ஆஸ்பத்திரிகளின் சரித்திரத்திலேயே ஒரு தெளிவான பதில் இருக்கிறது.

டாக்டர் பால் பிராண்ட் அவர்கள் 1914ல் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதியருக்குப் பிறந்தவர். 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவைச் சிகிச்சை நிபுணராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது மருத்துவர்கள் உட்பட எல்லாரும் எண்ணியிருந்தார்கள். பிராண்ட் அவர்கள் நோயாளிகளோடு பழகி, அவர்கள் கைகளை நாள்தோறும் கவனித்துக் கண்டது வேறு. நோய் நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. உணர்ச்சி போன கை அடுப்பில் சுட்டாலும் அறியாது, ஆணி ஏறினாலும் அறியாது. துருப்பிடித்த பூட்டு ஒன்றை டாக்டராலேயே திறக்க முடியாதபோது, ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்துவிட்டான். டாக்டர் அவன் கையைப் பிடித்துப் பார்த்தால் விரல் எலும்பு தெரியும்படி வெட்டுப்பட்டிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. இரவில் தூங்கும்போது எலி கடித்து விரல் இழந்தவர்களும் இருந்தார்கள். அதற்காகவே வீட்டுக்குப் போகும் நோயாளிகளிடம் பூனையைக் கொடுத்தனுப்பும் பழக்கம் வந்தது. கையைக் கெடுத்தது வலி இல்லாமையே.

அவர் தம்மைக் குறித்தே சொன்ன ஒரு சம்பவமும் உண்டு. இங்கிலாந்தில் நீண்ட ரயில் பயணத்துக்குப் பின் இரவில் காலுறையைக் கழற்றும்போது ஒரு குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்றே எண்ணி அந்த இரவைக் கழித்தார். காலையில் மறுபடி குத்தியபோது சுரீரென்று வலித்தது! ரயிலில் அசையாமல் உட்கார்ந்திருந்ததில் நரம்பு அமுங்கிக் கால் மரத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் தேவனுக்கு நன்றி செலுத்தினார்.

வலியை உணராத கை ஆரோக்கியமான கை அல்ல. அதுபோலவே துக்கம் தெரியாத இருதயமும் சந்தோஷமுள்ள இருதயமாகாது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடுமாகவே இருக்கின்றன. 88ஆம் சங்கீதம் கடைசி வரி வரையிலும் இருட்டில் நின்று முடிகிறது. ஆறுதலான ஒரு திருப்பமும் அதில் கிடையாது. அதை வேதாகமத்திலிருந்து யாரும் நீக்கிவிடவில்லை. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்த ஆண்டவரே கல்லறையருகில் கண்ணீர் விட்டார். நோயாளியை அழாதே என்று அதட்டுகிற உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

உட்கார்ந்தே செய்யும் வேலை

பிராண்ட் அவர்களோடு சேர்த்து நினைக்க வேண்டிய இன்னொருவர் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார். நம்முடைய மூத்த வாசகர்களில் சிலர் வேலூரில் அவரை நேரில் பார்த்திருக்கக்கூடும்.

1925ல் கொச்சிச் சீமையில் பிறந்தவர். வேலூரில் டாக்டர் படிப்பு முடித்து, மகப்பேறு மருத்துவத்தில் தேற வேண்டும் என்ற விருப்பத்தோடு அங்கேயே வேலை செய்துகொண்டிருந்தார். 1954 ஜனவரியில் சக டாக்டர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி விபத்துக்குள்ளாகிக் கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம். அதைவிடப் பெரிய சேதம் முதுகுத்தண்டில்; இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போயிற்று. வயது 28.

அதற்குப் பிந்திய மாதங்களை நாம் அவசரமாகத் தாண்டிப் போகக்கூடாது. சாட்சி சொல்லும்போது நாம் பெரும்பாலும் விபத்திலிருந்து நேரே வெற்றிக்குத் தாவிவிடுகிறோம். இங்கே நடுவில் படுக்கை இருந்தது, ஆப்பரேஷன்கள் இருந்தன, தசை இழுப்பும் வலியும் இருந்தன. பிரசவ அறையில் நின்று வேலை செய்யும் எதிர்காலம் முடிந்துபோயிற்று என்ற அறிவும் இருந்தது. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் இந்தியாவில் அந்நாட்களில் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துபோவது சகஜம். டாக்டரான அவருக்கு அது தெரியாமலிருக்குமா?

பிராண்ட் அவர்கள் அவரிடம் கொண்டுவந்த யோசனை மிகவும் எளிமையானது. வயிற்று ஆப்பரேஷனுக்கு மேஜையருகில் நிற்க வேண்டும். கை ஆப்பரேஷனுக்கு அப்படியல்ல. நோயாளியின் கையைப் பக்கப்பலகையில் நீட்டி வைத்துவிட்டு டாக்டர்கள் உட்கார்ந்துதான் வேலை செய்கிறார்கள். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, வேறொரு தசையின் நாணை எடுத்து மாற்றிப் பொருத்தி நிமிர்த்தும் சிகிச்சை வேலூரில் அப்போது நடந்துகொண்டிருந்தது. கால்கள் இல்லாவிட்டால் என்ன, மேரிக்குக் கைகள் இருக்கின்றனவே என்பதுதான் அவர் கணக்கு.

கேட்பதற்கு எளிது. சக்கர நாற்காலியிலிருந்து அந்த வேலையைக் கற்பது எளிதாக இருந்திருக்க முடியாது. முதலில் உதவியாளராக, பிறகு தாமே அறுவைச் சிகிச்சை செய்பவராக அவர் தேறினார். சமுதாயம் தள்ளிவைத்த நோயாளிகள், தங்கள் கையைச் சரிசெய்ய வரும் டாக்டரம்மா தாமே சக்கர நாற்காலியில் வருவதைக் கண்டார்கள். எந்தப் பிரசங்கமும் செய்யாமலே அது அவர்களுக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்தது.

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்று, தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ளப் பழகினார். தமக்குக் கிடைத்தது மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் அவர்களின் நிலையத்தில் அந்தத் துறையிலேயே பயிற்சி பெற்றார். திரும்பி வந்து 1963ல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குப் பொறுப்பேற்றார்; நோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இத்தகைய துறை இந்தியாவில் அதுவே முதலாவது. 1966ல் அதற்கென்று பாகாயத்தில் ஒரு நிலையம் எழும்பியது. 1972ல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்த நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. மரத்திலிருந்து விழுந்தவர்கள், கிணறு வெட்டும்போது அடிபட்டவர்கள், சாலை விபத்தில் சிக்கியவர்கள் குடும்பத்தாரோடு அங்கே வந்து தங்குகிறார்கள். படுக்கைப்புண் வராமல் எப்படிப் புரண்டு படுப்பது, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு எப்படி மாறுவது, ஊருக்குப் போய் எந்தத் தொழிலைச் செய்வது என்று பழகுகிறார்கள். பழைய நோயாளிகள் மீண்டும் கூடி விளையாட்டும் கலைநிகழ்ச்சியுமாகக் கொண்டாடும் 'ரீஹாப் மேளா' என்ற வழக்கமும் அங்கே உண்டு.

இந்தச் சரித்திரத்தில் எந்த நாளில் மேரி வர்கீஸ் சந்தோஷத்தைத் தெரிந்துகொண்டார் என்று கேட்டால், ஒரு தேதியைக் காட்ட முடியும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. நடக்க வேண்டும் என்ற ஜெபத்துக்கு அவர் கேட்டபடி பதில் வரவில்லை. ஆனால் எஞ்சியிருந்த இரண்டு கைகளைப் பற்றிய கேள்வி ஒவ்வொரு காலையிலும் இருந்தது. அந்தக் கைகளை அவர் ஒவ்வொரு காலையிலும் கொடுத்தார். அவர் தனியாகவும் அதைச் செய்யவில்லை. யோசனை சொல்ல ஒரு பிராண்ட் வேண்டியிருந்தது. தூக்கி உட்கார வைக்கவும், தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகவும் ஆட்கள் வேண்டியிருந்தது. பயிற்சிக்குக் கடல் கடந்து போகப் பணம் வேண்டியிருந்தது. அந்தப் பணத்துக்குப் பின்னால் முகம் தெரியாத எத்தனையோ பேர் இருந்தார்கள். 'தெரிந்துகொள்' என்று நாம் ஒருமையில் சொல்வதே சில வேளை நியாயமில்லை. மனம் உடைந்த ஒருவருக்காக மற்றவர்கள் சேர்ந்து தெரிந்துகொள்ள வேண்டிய நாட்கள் இருக்கின்றன.

பிராண்ட் அவர்களின் தாயார் எவ்லின் அம்மையாரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1929ல் கணவர் ஜெஸி பிராண்ட் கொல்லிமலையில் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மகன் அப்போது இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளை. தந்தை இறந்த தந்தி முதலில் வந்தது. கப்பலில் புறப்பட்டிருந்த தந்தையின் கடிதங்கள் அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. துக்கத்தில் நொறுங்கிப்போன அந்த அம்மையார் மலைக்கே திரும்பினார். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் ஊருக்குப் போக மறுத்து, கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் கல்வராயன் மலையிலும் குதிரை மீதும் ஊன்றுகோல்களோடும் கிராமம் கிராமமாகப் போய்வந்தார். 1974ல் தமது 95ஆம் வயதில் காலமானார். கடைசி இருபது ஆண்டுகளாக வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்திருக்கவில்லையாம். அதற்கு ஆழமான விளக்கம் எதையும் நாங்கள் தேடப் போவதில்லை. பார்க்க வேண்டிய மற்ற முகங்கள் அவருக்கு நிறைய இருந்தன.

வீட்டிலும் வார்டிலும்

இனி நம் காரியத்துக்கு வருவோம். கண்விழித்தவுடன் பாரம் நெஞ்சில் ஏறி உட்காரும் நாட்களில் இதை எப்படிச் செய்வது?

முதலாவது, வலியைப் பேர் சொல்லித் தேவனிடத்தில் கொண்டுபோங்கள். பொதுவாக 'பாரங்களை நீக்கும்' என்று ஜெபிப்பதைவிட, கடன் என்றால் கடன் என்றும், கோபம் என்றால் யார் மேல் கோபம் என்றும் சொல்லலாம். 42ஆம் சங்கீதக்காரன் தன் ஆத்துமாவைப் பார்த்துக் கேள்வி கேட்கிறான் என்பதைக் கவனியுங்கள். நம்மில் அநேகர் நாள் முழுவதும் நம் மனம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறோம். அவனோ மனதோடு எதிர்த்துப் பேசுகிறான். அப்படிப் பேசியும் அந்தச் சங்கீதத்தில் அவன் மறுபடியும் சோர்ந்துபோகிறான், மறுபடியும் பேசுகிறான்.

பிறகு, எஞ்சியிருப்பது என்ன என்று பாருங்கள். இதை நாங்கள் நோயாளிகளிடமிருந்தே கற்றோம். ஒரு கை போனவரிடம் பிசியோதெரபி செய்கிறவர் போன கையைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார். இருக்கிற கையைப் பற்றி நிறையப் பேசுவார். படுக்கையிலிருக்கும் பாட்டியம்மாளால் எழுந்து சமைக்க முடியாது. ஆனால் பேரப்பிள்ளைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லித்தர முடியும். பெரிய காரியங்களை எதிர்பார்த்துக் காத்திருந்தால் தெரிந்துகொள்ள ஒன்றும் கிடைக்காது.

2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா வார்டுக்குள் உறவினர் எவரும் வரக்கூடாத நாட்களில், நர்சுகள் தலை முதல் கால் வரை மூடிய உடுப்பில் ஒருவருக்கொருவர் அடையாளம் தெரியாமல் வேலை செய்தார்கள். நெஞ்சிலே தங்கள் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டிக்கொள்ளும் பழக்கம் பல ஆஸ்பத்திரிகளில் வந்தது. சிலர் பெயரோடு ஒரு சிரித்த முகத்தையும் வரைந்தார்கள். உள்ளே வியர்வையில் நனைந்து, வீட்டில் விட்டுவந்த குழந்தையை நினைத்து அழுத முகமாகவும் அது இருந்திருக்கலாம். நோயாளிக்குத் தெரிந்தது அந்தச் சித்திரம்தான். அதைப் பொய் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஒரு எச்சரிப்பும் அவசியம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் நாட்டமில்லை, உயிரோடிருக்கவே விருப்பமில்லை என்ற நிலையில் இருக்கிறவர்களிடம் சந்தோஷத்தைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லக்கூடாது. அது மனச்சோர்வு நோய். சர்க்கரை வியாதிக்கு மருந்து எடுப்பது போல இதற்கும் மருந்தும் ஆலோசனையும் உண்டு, குணமடைகிறவர்கள் ஏராளம். அப்படிப்பட்டவரை ஜெபத்தில் தாங்குங்கள், அதே வாரத்தில் டாக்டரிடமும் அழைத்துக்கொண்டு போங்கள். சாக வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னால் தனியாக விடாதீர்கள். இது விசுவாசக் குறைவு என்று மேடையில் பேசுகிறவர்கள் தயவுசெய்து ஒரு நாள் எங்கள் புறநோயாளிப் பிரிவில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

கடைசியாக, நோயாளிகளைப் பார்க்க வரும் சபையாருக்கு ஒரு விண்ணப்பம். கட்டிலருகே ஒரு ஸ்டூல் போட்டிருக்கும், அதில் உட்காருங்கள். நின்றுகொண்டே ஜெபித்துவிட்டுப் போகிறவரிடம் யாரும் மனம் திறப்பதில்லை. வலிக்கிறதா, எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். வலிக்கிறது என்று சொன்னால் நர்ஸிடம் சொல்லுங்கள். அழுதால் அழ விடுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டுப் பாட விருப்பமா என்று நோயாளியிடம் கேட்டுவிட்டு, அவர் விரும்பினால் அவருக்குத் தெரிந்த பாட்டையே மெதுவாகப் பாடுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வருகிறவர்கள் டூட்டி நர்ஸிடம் கேட்டால், அந்த வாரம் யாருமே பார்க்க வராத கட்டில் எது என்று காட்டுவார்கள். பெரும்பாலும் அது ஆண்கள் வார்டில் ஜன்னலோரமாக இருக்கும்.